மூணாஞ்செவ்வாய்

உவரிக்குப் போகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். கடலில் முங்கி, ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளி, தலையில் சுமந்து வந்து சுயம்புலிங்க சுவாமி கோயிலில் கொட்டுகிறவர்கள் ஒரு ரகம். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கப்பல் மாதிரியே கட்டியிருக்கும் கப்பல் மாதா கோயில் முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். கோழி பார்க்கப் போன மூன்றாவது ரகத்தில் இதுவரை ஒரே ஒருத்தன்தான். அடியேன்!

முதல் தடவை போனது அந்தோணியாருக்காகத்தான். மதியம் தண்ணீர் கேட்டு நுழைந்த வீட்டில், கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஓர் ஓலைப்பெட்டி. பெட்டி நிறைய மணல். மேலே ஒரு சிவப்புக் கோழி உடம்பைத் தட்டையாகப் பரப்பிக்கொண்டு, என்னை ஜென்ம விரோதி மாதிரி முறைத்தது.

"கிட்ட போகாதிய. கொத்திப்புடும். அடையில இருக்கு" என்றார் வீட்டுக்கார ஆச்சி.

ஆச்சியிடம் முன்பு பதினெட்டு உருப்படி இருந்ததாம். வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கொல்லையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது. (ராணிக்கேட் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பு மருந்து உண்டு.) மிஞ்சியது இந்தக் கோழியும் ஒரு சேவலும். கோழி முட்டையிட ஆரம்பித்த கொஞ்ச நாளில் சேவலைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் இருந்த பதிமூன்று முட்டைகளில் ஏழு, சேவல் போனபின் இட்டவை.

"அத்தனையும் கூமுட்டைதான்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லுதா" என்றார் ஆச்சி. குரலில் கவலை இருந்தது. இந்த அடை பொய்த்தால் கொல்லையில் கோழி என்று சொல்ல ஒன்றுதான்.

பக்கத்து வீட்டம்மாவின் தீர்ப்பு கொஞ்சம் அவசரத் தீர்ப்பு. சேவலோடு சேர்ந்த கோழி, அதன் வித்தைத் தன் உடம்புக்குள்ளேயே பத்து நாள், பதினாலு நாள் கூடப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். சேவல் போனாலும் சில நாளைக்குச் சேமிப்பு இருக்கிறது, நமக்கு இருபதாம் தேதிக்கு மேல் இல்லாதது! சேவலே இல்லாமல் வளர்கிற நாமக்கல் பண்ணை முட்டையை நீங்கள் வருஷக்கணக்கில் அடை வைத்தாலும் ஆம்லெட்டைத் தவிர ஒன்றும் வராது.

அன்று அடைக்கு ஏழாம் நாள். ஆச்சி ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் தர, நான் இருட்டறையில் செல்போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டு அசைந்தது, ஸார்! பத்து முட்டையில் நரம்பு. மூன்று வெறும் மஞ்சள் வெளிச்சம். எங்கள் ஆபீஸில் தினமும் காதில் விழுகிற 'கூமுட்டை' என்ற வார்த்தையின் ஒரிஜினலை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

ஆச்சி முட்டையைத் திருப்பி வைக்கும்முன் கண் இமையில் ஒற்றிச் சூடு பார்த்தார். எகிப்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மண் சூளைகளில் முட்டை பொரிக்க வைத்தவர்களும் இப்படித்தான், இமையில் வைத்தே சூட்டை அளந்தார்கள். இன்றைய மெஷின் அதையே 37.5 டிகிரி என்று எழுதிக் காட்டுகிறது.

கோழிக்கு மெஷினும் வேண்டாம். நெஞ்சு இறகை உதிர்த்துவிட்டு வெறும் தோலை முட்டைமேல் படிய வைக்கிறது. நாளுக்குப் பல தடவை அலகால் முட்டையைப் புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டுப் பக்கமாக ஒட்டிக்கொண்டு செத்துவிடும். தீனிக்கு எழுந்திருப்பது நாளைக்கு ஒரு தடவை, பதினைந்து இருபது நிமிஷம். டீ குடிக்கப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிற நண்பர்கள் கவனிக்க.

மணலுக்குள் ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, இரண்டு மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்கவாம். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ளாது. நான் ஆச்சியிடம் சொல்லவில்லை.

"நாள் கணக்கு எப்படி ஆச்சி?"

"என்னத்த கணக்கு? அந்தோணியார் கெழமையா பாத்துச் செவ்வா வச்சேன். மூணாஞ்செவ்வா பொரிச்சிரும்."

மூவேழு இருபத்தொன்று! காலண்டரே வேண்டாம்.

மூன்றாம் செவ்வாய்க்கு லீவு போட்டுவிட்டு (காரணம்: 'அவசர சொந்த வேலை') மறுபடி போனேன். முட்டைக்குள்ளிருந்தே கீச் கீச் சத்தம். அதற்குக் கோழி தொண்டைக்குள் 'க்ளக் க்ளக்' என்று பதில் சொல்கிறது. சாயங்காலத்துக்குள் ஒன்பது குஞ்சுகள். பத்தாவது முட்டையில் ஓட்டை மட்டும் விழுந்து, மணிக்கணக்காக அப்படியே நின்றது. நான் நகத்தால் ஓட்டை உரிக்கக் கை நீட்டினேன்.

"தொடாதிய! ரத்தம் இன்னும் உள்ள இழுக்கல. இப்பம் உரிச்சா செத்துப்போவும்."

ஆச்சி சொன்னது அப்படியே சரி. ஓட்டின் உள்தோலில் ஓடுகிற ரத்தமும், மிச்ச மஞ்சள் கருவும் குஞ்சின் வயிற்றுக்குள் போய்ச் சேர நேரம் ஆகும். அந்த மஞ்சள் கரு இருப்பதால்தான் பிறந்த குஞ்சு இரண்டு நாள் இரையில்லாமல் தாங்குகிறது.

ராத்திரி எட்டரைக்கு அது தானாகவே வெளியே வந்து விழுந்தது. நனைந்த பஞ்சு மாதிரி. ஆச்சி சிலுவை போட்டுக்கொண்டார். இந்தத் தடவை தடுப்பு மருந்துக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்துவிட்டாராம்.

"பத்துல மொதச் சேவல அந்தோணியாருக்கு நேந்திருக்கேன்."

"இதுல சேவல் எது ஆச்சி?"

"அது தெரிய ரெண்டு மாசம் ஆவும்."

"ஒண்ணே ஒண்ணுதான் சேவலா இருந்தா? கொல்லைக்கும் சேவல் வேணுமே?"

ஆச்சி கோயில் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த ஈடு வர அவரு பொறுத்துக்கிடுவாரு."