பீஹா: கறுப்பு மணற் கரை கற்றுத்தரும் பாடம்

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் பீஹா கடற்கரை இருக்கின்றது. மலைக்காட்டினூடாக வளைந்து இறங்கும் பாதையின் ஒரு திருப்பத்தில் கடல் திடீரெனக் கண்ணில் படும். கரையின் நடுவே சிங்கம் படுத்திருப்பது போன்ற பெரும்பாறை. அதன் இருபுறமும் கரிய மணல்.

இம்மணல் எரிமலைகள் தந்தது. தெற்கே தரனாக்கிப் பகுதியின் எரிமலைப் பாறைகள் அரைபட்டு, கடலோட்டத்தால் வடக்கே கொண்டுவரப்பட்டன. இரும்பு கலந்திருப்பதால் மணல் காந்தத்தில் ஒட்டும். நமது புல்மோட்டையின் இல்மனைற் மணலைக் கண்டவர்களுக்கு இக்கருமை புதிதல்ல. கோடை வெயிலில் வெறுங்காலுடன் நடக்க முடியாதபடி சுடும்.

இங்கே 1934ஆம் ஆண்டிலேயே உயிர்காப்புக் கழகம் அமைக்கப்பட்டது. 1958இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த இரு உயிர்காப்பாளர்கள் இலேசான புதுவகைப் பலகைகளில் அலைமேல் சறுக்கிக் காட்டினார்கள். இன்று ஆண்களும் பெண்களும் பலகையோடு வருகிறார்கள்.

ஆனால் கடல் பொல்லாதது. தஸ்மான் கடலின் அலைகள் தடையேதுமின்றி வந்து மணல்மேடுகளில் உடைகின்றன. கரைக்குத் தள்ளப்பட்ட நீர் திரும்பிப் போக வழி தேடி, மேடுகளுக்கிடையே பள்ளம் பறித்து வேகமாக ஓடுகிறது. அலை உடையாமல், அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரியும் அந்த இடமே ஆபத்தானது. மணல்மேடுகள் இடம் மாறுவதால் நேற்றுப் பாதுகாப்பாயிருந்த இடம் இன்று அப்படி இராது.

அதனால் அனுபவமுள்ளவர்கள் வந்தவுடன் நீரில் இறங்குவதில்லை. பத்து நிமிடமாவது கரையில் நின்று, அலை எங்கே உடைகிறது, நீர் எங்கே வெளியே ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். உயிர்காப்பாளரிடம் கேட்கிறார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி குளிப்பவர்களுக்குரியது. பலகைக்காரர் அதற்கு வெளியே நிற்க வேண்டும். விழும்போது தலைகீழாகப் பாயாமல், உடலைத் தட்டையாக்கி, கைகளால் தலையை மூடிக்கொள்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் மணலும் கல்லைப்போல அடிக்கும். நீரோட்டம் இழுத்தால் பலகையைக் கைவிடுவதில்லை, அதுவே மிதவை. சந்தேகமிருந்தால் இறங்குவதே இல்லை.

சகோதரிகளே, 2004 மார்கழி 26க்குப் பின் கடலில் கால் நனைக்காதவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை எவரும் வற்புறுத்தத் தேவையில்லை. கடலுக்கு மீண்டவர்களும் உண்டு. அறுகம்குடாவில் 2018இல் பெண்களுக்கென்றே அலைச்சறுக்கல் கழகமொன்று உருவானது. நாம் போகாவிட்டாலும் நமது பிள்ளைகள் கடலுக்குப் போவார்கள். ஆகவே அவர்களுக்கு இவற்றைச் சொல்லி வையுங்கள்:

நீர் வெளியே இழுத்தால் பதறாதே. எதிர்த்து நீந்திக் களைக்காதே. மல்லாந்து மித, கையை உயர்த்தி உதவி கேள். இழுவை தளர்ந்ததும் பக்கவாட்டாக நகர்ந்து, அலை உடையும் இடத்தினூடாகக் கரைக்கு வா. இன்னொருவர் தத்தளிப்பதைக் கண்டால் வெறுங்கையுடன் பாயாதே. வெற்றுக் கலனோ மிதக்கும் வேறு பொருளோ எறிந்து, ஆட்களைக் கூப்பிடு.

பயத்தினால் மட்டும் பிள்ளையைக் காக்க முடியாது. கடலைப் பார்த்து அறியக் கற்றுக்கொடுத்தால், தாய் அருகில் இல்லாத வேளையிலும் அந்த அறிவு துணையாக நிற்கும்.