நிலவுக்குப் போன விருந்தாளியும் நாம் பரப்பிய பொய்யும்



2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. ஆவடியில் நான் ஓதிக்கொடுக்கும் மாலை நேர மதரஸாவில் அன்று பாடம் நடக்கவில்லை. சந்திரயான்-3 நிலவில் இறங்கப் போகிறது என்று பிள்ளைகள் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தனர். முஸ்ஹஃபுகளை எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, என் கைபேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தேன். அந்தச் சிறு திரையைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட தலைகள். மாலை 6.04-க்கு விக்ரம் தரையிறங்கியதும் எழுந்த கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று நான் சொன்னதும் இன்னொரு கூச்சல்.

மஃரிபுக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஹஜ்ரத், இப்ப பாங்கு சொன்னா விக்ரமுக்குக் கேக்குமா? ஆம்ஸ்ட்ராங்குக்குக் கேட்டுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நான் வாய் திறப்பதற்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குறுக்கிட்டாள். "நிலாவுல காத்தே இல்ல. காத்து இல்லாம சத்தம் போகாது. எங்க அறிவியல் புத்தகத்துல இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தனர். "அல்லாஹ் நாடினால் எதுவும் நடக்கும்" என்று சொல்லி, பிள்ளைகளை ஒளூச் செய்ய அனுப்பிவிட்டேன். அந்த வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் அன்று அதை நான் ஒளிந்துகொள்ளும் திரையாகப் பயன்படுத்தினேன். அது என் உள்ளத்துக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அந்தக் கதை நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் நடந்தபோது இனம்புரியாத ஓர் ஓசையைக் கேட்டாராம். பல ஆண்டுகள் கழித்துக் கெய்ரோ வீதியில் நடந்தபோது அதே ஓசை கேட்டதாம். என்னவென்று விசாரித்தபோது பாங்கு என்றார்களாம். உடனே இஸ்லாத்தைத் தழுவினாராம், அதனால் வேலையை இழந்தாராம். பதினான்கு வயதில் என் உஸ்தாத் இதைச் சொல்லக் கேட்டு அழுதிருக்கிறேன். பின்னர் நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், பாங்கின் சிறப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைச் சொன்னேன். ஒருமுறைகூட, "இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?" என்று என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு ஹதீஸ் என்றால் அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று பார்க்கப் பழக்கப்பட்டவன் நான். இஸ்லாமியக் கல்விப் பட்டயத்தில் அதற்கென்று ஒரு தாளே எழுதித் தேறியவன்.

பிள்ளைகளின் கேள்வியை மறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறக்கவிடாமல் செய்தவர் ஒரு தகப்பனார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். சந்திரயான் இறங்கிய மறுவாரம் பட்டறையில் தேநீர் இடைவேளையில் பேச்சு நிலவைப் பற்றி வந்ததாம். மகன் வழியாகக் கேட்டிருந்த ஆம்ஸ்ட்ராங் கதையை இவர் ஆர்வத்தோடு சொல்லியிருக்கிறார். உடன் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் கைபேசியில் தேடி, ஆம்ஸ்ட்ராங்கே மறுத்த செய்தியை எடுத்து எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டார். யாரும் பெரிதாகக் கேலி செய்யவில்லையாம். ஆனால் அதற்குப் பிறகு இவர் மார்க்கத்தைப் பற்றி என்ன சொன்னாலும் ஒரு புன்னகை வருகிறதாம்.

"நீங்க சொன்னதாத்தானே சொன்னேன், ஹஜ்ரத்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தயங்கித் தயங்கி, என்னைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற கவலையோடு சொன்னார்.

அன்றிரவு நான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது ஒரு பயணம். 1969 ஜூலையில் நிலவுக்குப் போய்த் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும், அதே ஆண்டு செப்டம்பர் 29 முதல் நவம்பர் 5 வரை, தம் மனைவியரோடு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணம் போயிருக்கிறார்கள். அங்காரா, தெஹ்ரான் நகரங்களுக்குப் பின் அக்டோபர் இறுதியில் நம் பம்பாய்க்கு வந்தனர். அடுத்து, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த தாக்கா. போன இடமெல்லாம் மக்கள் வெள்ளம். எந்த ஊருக்குப் போனாலும் மக்கள் "நீங்கள் சாதித்தீர்கள்" என்று சொல்லாமல் "நாம் சாதித்தோம்" என்றே சொன்னார்கள் என்று காலின்ஸ் பின்னாளில் பலமுறை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். அவர்கள் நிலவில் விட்டுவந்த சிறு சிலிக்கான் தகட்டில் 73 நாடுகளின் தலைவர்கள் அனுப்பிய நல்லெண்ணச் செய்திகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்திரா காந்தியின் செய்தியும் அதில் உண்டு.

அந்தப் பயணப் பட்டியலில் கெய்ரோ இல்லை. 1967 போருக்குப் பிறகு எகிப்துக்கும் அமெரிக்காவுக்கும் தூதரக உறவே முறிந்திருந்த காலம் அது. மாறாக, அவர் உண்மையாகவே சென்ற நகரங்களில் மூன்று, பாங்கோசை நாள்தோறும் ஒலிக்கும் அங்காரா, தெஹ்ரான், தாக்கா. பம்பாயிலும் பாங்கு கேட்டிருக்கும். ஆனால் கதை கட்டியவர்களுக்கு உண்மையான பயணம் தேவைப்படவில்லை.

கதை 1980-களின் தொடக்கத்தில் எகிப்து, மலேசியா, இந்தோனேசியா எனப் பரவியது. இந்தோனேசியாவில் அதைப் பாடலாகவே பாடினார்கள். ஆம்ஸ்ட்ராங் அப்போது குடியிருந்தது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லெபனான் என்னும் சிற்றூருக்கு அருகில். "லெபனானில் வசிக்கிறார்" என்ற செய்தியை அரபு நாடான லெபனான் என்று எடுத்துக்கொண்டதும் வதந்திக்கு ஒரு காரணம் என்பார்கள். (பூந்தமல்லிக்கும் பூவிருந்தவல்லிக்கும் வேறு வேறு பேருந்து தேடும் புதியவர்களைப் பார்த்திருக்கும் நமக்கு இது புதிதல்ல.) முஸ்லிம் நாடுகளிலிருந்து அவருக்குக் கடிதங்களும் அழைப்புகளும் குவிந்தன. 1983-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளில் உள்ள தன் தூதரகங்களுக்கு ஒரு விளக்கம் அனுப்பியது. எந்தச் சமயத்தையும் அவமதிக்கும் எண்ணம் ஆம்ஸ்ட்ராங்குக்கு இல்லை, ஆனால் அவர் இஸ்லாத்தைத் தழுவியதாகக் கூறப்படுவது உண்மையன்று என்பது அதன் சாரம். 2005-இல் கோலாலம்பூருக்கு விருந்தினராகச் சென்றபோது, எழுபத்தைந்து வயதில், அவர் மறுபடியும் அதே மறுப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. 2012 ஆகஸ்ட் 25 அன்று அவர் இறந்தார். அதற்குப் பிறகும் பதினோர் ஆண்டுகள் நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிக்கப் படிக்க என்னை உறுத்தியது இதுதான்: அவர் நம்மை நாடி வந்த விருந்தாளி. அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைத்தோம். அவர் மறுத்தபோது, பயந்து மறுக்கிறார் என்று இன்னொரு பழியையும் சேர்த்தோம். விருந்தாளிக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, அவர் போன பின் அவரைப் பற்றி இல்லாததைச் சொல்லும் வீட்டை நாம் என்னவென்று சொல்வோம்?

இதை நாம் மட்டும் செய்யவில்லை என்பதையும் படித்தேன். 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடங்கள் விண்ணில் இருந்து திரும்பிய யூரி ககாரின், அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் மனைவியோடு டெல்லிக்கு வந்தார். பல நகரங்களைப் பார்த்துவிட்டு டிசம்பரில் இலங்கைக்கும் சென்றார். "மேலே போய்ப் பார்த்தேன், கடவுளைக் காணவில்லை" என்று அவர் சொன்னதாக நாத்திக மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். பறப்பின்போது பதிவான உரையாடல்களில் அப்படி ஒரு சொல் இல்லை. அது குருஷ்சேவின் பேச்சிலிருந்து வந்தது என்று ககாரினின் நண்பர் ஒருவர் பிற்காலத்தில் விளக்கினார். ஒருவர் வாயில் இறைமறுப்பைத் திணித்தார்கள், இன்னொருவர் வாயில் நாம் கலிமாவைத் திணித்தோம். சுனிதா வில்லியம்ஸ் பெயரிலும் வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. விண்ணிலிருந்து மக்காவும் மதீனாவும் மட்டும் ஒளிர்வதைக் கண்டு இஸ்லாத்தை ஏற்றாராம். 2006-இல் பகவத் கீதையையும் பிள்ளையார் சிலையையும் உடன் எடுத்துக்கொண்டு விண்வெளிக்குப் போனவர் அவர். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்து தந்தையின் குஜராத் மண்ணைக் கண்டு சென்றவர்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை நான் பிள்ளைகளுக்கு மனனம் செய்யக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றிரவு என்னை உலுக்கியது வேறொரு நிகழ்ச்சி.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) பால் மறவா வயதில் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டனர். எதிரிகள் சொன்னதல்ல, அன்பினால் சொன்னது. நபியவர்கள் மௌனமாக இருந்திருந்தாலே போதும், அது ஓர் அற்புதமாக நின்றிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தில் அதைத் திருத்த நேரமில்லை என்று யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் அவர்கள் எழுந்து நின்று திருத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவாக்கினார்கள். தம் சொந்த மகனின் பெயரால் வந்த பொய்ச் சான்றையே ஏற்காத தூதரின் மார்க்கத்துக்கு, ஆம்ஸ்ட்ராங்கின் பெயரால் நான் பொய்ச் சான்று தேடிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் சொல்லிவிட்டேன். "நான் உங்களுக்குச் சொன்ன ஆம்ஸ்ட்ராங் கதை உண்மையல்ல. விசாரிக்காமல் சொன்னது என் தவறு. உங்கள் வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள்." வகுப்பு அமைதியாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை வெற்றிப் புன்னகை பூப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியர் தோற்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது போலும்.

பெரியவர்களிடம்தான் சிரமம். ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு முதியவர் என்னை ஓரமாக அழைத்தார். "நல்ல நோக்கத்துக்குச் சொன்னதுதானே தம்பி. கேட்டா நாலு பேருக்கு ஈமான் கூடுது. இதைப் போய்ப் பிள்ளைகள்கிட்ட இல்லைன்னு சொல்லணுமா? நாளைக்கு வேற எதையும் நம்பாமப் போயிட்டா?" அவருடைய அச்சம் எனக்கும் இருந்தது, மறைப்பதற்கில்லை. கிரகணத்தின் நிகழ்ச்சியை அவருக்கு நினைவூட்டினேன். நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "உங்க உஸ்தாத் சொன்னதாச்சே" என்றார். அதுதான் எனக்கும் வலித்த இடம். என் உஸ்தாத் பொய்யர் அல்லர். அவரும் யாரோ சொல்லக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்து சொன்னார். அவருக்காக அன்று அதிகமாகவே துஆச் செய்தேன்.

கதையை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு நிலவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று நினைத்தது வீண் கவலை. நிலவின் பள்ளங்களுக்கு அல்-பிரூனி, அல்-பத்தானி என்று நம் அறிஞர்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. 1984-இல் விண்ணிலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டபோது ராகேஷ் சர்மா பதிலாகச் சொன்னது அல்லாமா இக்பாலின் வரி. சந்திரயான் இறங்கிப் பத்தே நாளில், செப்டம்பர் 2 அன்று, சூரியனை ஆராய ஆதித்யா-எல்1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்த தமிழ் முஸ்லிம் பெண்மணி. இதைச் சொன்னபோது அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை தலையை நிமிர்த்தினாள்.

ஆல்ட்ரின் நிலவில் இறங்கியபின் விண்கலத்துக்குள் அமர்ந்து தம் கிறித்தவ முறைப்படி அப்பமும் திராட்சை ரசமும் உட்கொண்டு வழிபட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்ப நாம போனா எப்படித் தொழுவோம் ஹஜ்ரத்?" என்று கேள்வி வந்தது. 2007 ரமலானில் மலேசியாவின் ஷேக் முஸஃபர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அந்நாட்டு உலமாக்கள் இதற்கென்றே வழிகாட்டுதல் வகுத்திருந்தார்கள். முடிந்தால் கஅபாவை நோக்கி, இயலாவிட்டால் பூமியை நோக்கி, அதுவும் இயலாவிட்டால் முடிந்த திசையில். அன்று அரை மணி நேரம் கிப்லாவைப் பற்றியே விவாதம் நடந்தது. இவ்வளவு ஆர்வத்தோடு அவர்கள் ஃபிக்ஹு பாடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தத் தகப்பனாரை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "இதுக்கெல்லாம் ஏன் ஹஜ்ரத்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "பட்டறையில சொல்லிட்டேன் ஹஜ்ரத். எங்க ஹஜ்ரத்தே தப்புன்னு ஒத்துக்கிட்டாருன்னு சொன்னேன்."

"அந்தத் தம்பி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, சூரியனுக்குப் போற ராக்கெட்டப் பத்தி நம்ம ஊரு அம்மா யாரோ இருக்காங்களாமே பாய், அதைச் சொல்லுங்கன்னு கேட்டாரு."