குகையிலிருந்து மாளிகைக்கு

உங்கள் வேதபுத்தகத்தின் பின்பக்கங்களில் பவுலின் பிரயாணங்களைக் காட்டும் வரைபடம் இருக்குமானால், அதைச் சற்றுத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். இத்தாலி தேசத்தின் பாதத்தருகே சிசிலித் தீவு இருக்கும். அதற்கும் தெற்கே, கடலின் நடுவில், ஒரு சிறிய புள்ளி தென்படும். அதுவே மெலித்தா, இக்காலத்தில் மால்ட்டா என்று வழங்கப்படுகிற தனி நாடு. அதைச் சேர்ந்த தீவுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் 316 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் எல்லை அதைவிடப் பெரியது.

அந்தத் தீவின் உட்பகுதியில் இரண்டு ஆலயங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று ரபாத் என்னும் ஊரில், பவுல் தங்கியிருந்ததாகப் பாரம்பரியம் சொல்லும் குகையை ஒட்டிக் கட்டப்பட்டது. மற்றொன்று இம்தீனா என்னும் மதில் சூழ்ந்த பழைய நகரத்தில், தீவின் முதன்மையானவனாகிய புபிலியுவின் மாளிகை இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் நிற்கிறது. நிதானமாக நடந்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பதினைந்து நிமிடங்களுக்குமேல் ஆகாது. இன்று அந்த வழியாய் உங்களை அழைத்துச்செல்ல விரும்புகிறேன்.

புறப்படுமுன் அப்போஸ்தலர் நடபடிகளின் 27, 28ஆம் அதிகாரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கி.பி. 60ஆம் ஆண்டை ஒட்டிய காலம். இராயனுக்கு முன்பாக நிற்கவேண்டிய கைதியாகப் பவுல் ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். பதினாலு நாள் கடுங்காற்றில் அலைக்கழிக்கப்பட்டபின் கப்பல் தரைதட்டி உடைகிறது. அதிலிருந்த 276 பேரும், நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும், ஒருவரும் சேதமில்லாமல் கரையேறுகிறார்கள்.

ரபாத்தின் ஆலயம் 17ஆம் நூற்றாண்டின் கட்டடம். அதை ஒட்டிய படிகளில் கீழே இறங்கினால் குகைக்கு வருவீர்கள். மகத்தானது எதையாகிலும் எதிர்பார்த்து இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தாழ்ந்த பாறைக் கூரை, சிறிய அறை, பவுலின் பளிங்குச் சிலை ஒன்று, இவ்வளவே. மேலே வெள்ளியினால் செய்த சிறு கப்பல் தொங்குகிறது. பவுல் வந்து 1900 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து 1960ஆம் ஆண்டில் அது கொடுக்கப்பட்டது. பவுல் இந்தக் குகையில் தங்கினார் என்று லூக்கா எழுதவில்லை. குகையைப்பற்றியே அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாம் வேதவசனம் நிற்கும் இடத்தில் நிற்கவேண்டியவர்கள். ஆகிலும், போர்ச்சேவகரின் காவலில் இருந்த ஒரு கைதிக்கு மூன்று மாதம் கிடைத்த இருப்பிடம் இதைவிட வசதியாய் இருந்திருக்கும் என்று நினைக்கவும் எனக்குக் காரணம் தோன்றவில்லை.

இந்தக் குகைக்கு விசித்திரமான ஒரு சரித்திரம் உண்டு. பவுலின் கையை விரியன் பாம்பு கவ்வியும் அவருக்குத் தீங்கு நேரவில்லை அல்லவா? அதை வைத்து, குகையின் கல்லைச் சுரண்டி எடுத்த பொடி பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாகும் என்ற நம்பிக்கை எழும்பிற்று. பல நூற்றாண்டுகளாக அந்தப் பொடி ஐரோப்பாவெங்கும் கொண்டுபோகப்பட்டது. எவ்வளவு வெட்டினாலும் குகை பெரிதாவதில்லை என்றும் ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள். அத்தீவின் பாறைகளில் அகப்படும் முக்கோண வடிவான கற்களும் சர்ப்பத்தின் நாவுகள் என்று விலைபோயின. அவை பூர்வகாலத்துச் சுறாமீன்களின் பற்கள் என்பதை நிக்கோலாஸ் ஸ்டெனோ என்னும் அறிஞர் 1667ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். கல்லை விற்றவர்களும் வாங்கினவர்களும் அதே அதிகாரத்தில் சில வசனங்கள் தாண்டிப் படித்திருக்கலாம். அங்கே பவுல் ஒரு வியாதியஸ்தனிடத்தில் கல்லையும் பொடியையும் கொண்டுபோகவில்லை.

இப்பொழுது மேலே ஏறி வெளியே வாருங்கள். பவுலின் பெயர்கொண்ட தெரு வடக்கே போகிறது. இருபுறமும் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். மாடிகளில் வர்ணம் பூசிய மரப்பலகையால் மூடிய முகப்புகள். தெருமுனையில் பஸ்தீஸி என்னும் பலகாரத்தின் மணம் வரும். நம் ஊர் பேக்கரியின் பப்ஸைப் போன்றது. உள்ளே பாலாடைக்கட்டியோ பட்டாணி மசியலோ இருக்கும். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கடைக்காரர் பேசும் மொழியைக் கவனியுங்கள். இலத்தீன் எழுத்தில் எழுதப்பட்டாலும் அது அரபு வழிவந்த மொழி. கிறிஸ்தவர்களாகிய அந்த ஜனங்கள் தங்கள் ஜெபத்தில் தேவனை ‘அல்லா’ என்றே அழைக்கிறார்கள். முதல்தரம் கேட்கிற நமக்கு ஆச்சரியமாயிருக்கும்.

தெரு முடிந்து வெளி விரியும் இடத்தில், 1881ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட ரோம மாளிகை ஒன்றின் எச்சங்கள் உள்ளன. நிறக்கற்கள் பதித்த அதன் தரை இன்றும் அழகு குலையாமல் இருக்கிறது. பவுலின் நாட்களில் இங்கே இருந்த பட்டணம் இப்போதைய இம்தீனாவைவிட மிகப் பெரியது. இந்த ரபாத்தின் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கியிருந்தது. பின்வந்த அரபியர் காலத்தில் நகரம் சுருங்கி மதிலுக்குள் ஒடுங்கியது. இம்தீனா என்றால் நகரம், ரபாத் என்றால் புறநகர் என்று அவர்கள் மொழியில் பொருள்.

அகழியின்மேல் உள்ள பாலத்தைக் கடந்தால் 1724ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பிரதான வாசல். உள்ளே நுழைந்ததும் திரும்பிப் பாருங்கள். வாசலின் உட்புறத்தில் பவுல், புபிலியு, ஆகத்தாள் ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நகரத்துக்குள் குடியிருப்பவர்கள் 300 பேருக்கும் குறைவு. வாகனங்களும் மிகச் சிலவே அனுமதிக்கப்படுவதால் உங்கள் காலடி ஓசை உங்களுக்கே கேட்கும். மின்சார ரயிலின் இரைச்சலுக்குள் குடியிருக்கும் நம்மில் அநேகருக்கு அந்த அமைதிக்காகவே ஒருமுறை அங்கே போகலாம் என்று தோன்றும்.

சிறிது தூரத்தில் இடம் அகன்று பேராலயம் தோன்றுகிறது. 1693ஆம் ஆண்டு சிசிலியை அழித்த பூமியதிர்ச்சியில் பழைய ஆலயம் சேதமடைந்தது. பின்பு லொரென்சோ கஃபா என்னும் சிற்பியின் திட்டப்படி இந்த ஆலயம் எழும்பிற்று. முகப்பின் இரண்டு கடிகாரங்களில் ஒன்று மணியையும் மற்றொன்று தேதியையும் காட்டும். உள்ளே, பூமியதிர்ச்சிக்குத் தப்பிய பகுதியில், மத்தியா பிரெத்தி வரைந்த கப்பற்சேதத்தின் ஓவியம் இன்னும் இருக்கிறது. தரையோ முழுவதும் நிறப்பளிங்குக் கல்லறைப் பலகைகள்.

புபிலியு பவுலையும் அவரோடிருந்தவர்களையும் மூன்று நாள் உபசரித்தான். அவனுடைய தகப்பன் காய்ச்சலினாலும் பேதியினாலும் வருத்தப்பட்டுக் கிடந்தபோது, பவுல் உள்ளே போய் ஜெபித்து, கைகளை வைத்து, அவனைக் குணமாக்கினார். பிற்பாடு தீவின் வியாதிக்காரர் அனைவரும் வந்தார்கள். புபிலியுவுக்கு லூக்கா கொடுக்கும் ‘முதன்மையானவன்’ என்ற பட்டம், மால்ட்டாவில் கிடைத்த ஒரு கிரேக்கக் கல்வெட்டிலும் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. அவனே தீவின் முதல் கண்காணியானான் என்பது பாரம்பரியம். வேதத்தில் அது இல்லை.

இரண்டு ஆலயங்களையும் பார்த்தாயிற்று. ஒன்று கைதியின் நினைவுக்கு, மற்றொன்று அந்தக் கைதியோடு அதிபதியையும் நினைவுகூர. லூக்காவோ இவ்விரண்டுக்கும் முன்னே வேறு ஒரு கூட்டத்தாரைப்பற்றி எழுதியிருக்கிறார். மழையிலும் குளிரிலும் நடுங்கி நின்ற 276 பேருக்காக நெருப்பு மூட்டி, எல்லாரையும் சேர்த்துக்கொண்ட பெயர் தெரியாத ஜனங்கள் அவர்கள். மூலமொழியில் அவர்களுக்கு ‘பார்பரோய்’ என்று பெயர். கிரேக்கம் பேசத் தெரியாதவர்கள் என்பது அதன் பொருள். நமது தமிழ் வேதாகமம் அவர்களை அந்நியர் என்கிறது. சொந்தத் தீவில் நின்றவர்கள் அந்நியராம். கடலிலிருந்து ஏறிவந்தவர்களுக்கு அந்தப் பெயர் இல்லை! ஆனாலும் அவர்கள் செய்ததைச் சொல்ல லூக்கா எடுத்தாண்ட வார்த்தை ‘பிலாந்திரோப்பியா’, அதாவது மனிதநேசம். கப்பலில் வந்தவர்களில் யார் கைதி, யார் சேவகன் என்று கேட்டபின்பு அவர்கள் விறகு அடுக்கியதாக அங்கே எழுதப்படவில்லை.

பாஷை தெரியாத பட்டணத்தில், கையில் ஒரு பெட்டியோடு ரயிலைவிட்டு இறங்கிய இரவை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று உங்களுக்குத் திண்ணையோ தேநீரோ கொடுத்தவர் நம் சபையாராயிருந்தாரா, நம் மொழிக்காரராயிருந்தாரா என்று நினைத்துப்பாருங்கள். மால்ட்டாவிலும் இது பழங்கதை அல்ல. லீபியாவின் கரையிலிருந்து சிறு படகுகளில் தப்பிவருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதா, திருப்பியனுப்புவதா என்று அந்நாடு பல ஆண்டுகளாக வழக்காடுகிறது. சிறிய தீவு, நெருக்கமான ஜனத்தொகை. அவர்கள் சொல்லும் கஷ்டத்தை எளிதாய்த் தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் போப் பிரான்சிஸ் ரபாத்தின் குகைக்கு வந்து ஜெபித்தபோது, அவருடைய பிரயாணத்துக்குத் தலைப்பாக இருந்ததும் நெருப்பு மூட்டியவர்களைப்பற்றிய அந்த வசனமே. நமக்கும் கத்தோலிக்க சபைக்கும் உபதேச வேறுபாடுகள் உண்டு. இந்த வசனத்தைத் தெரிந்துகொண்டதில் எனக்கு மாறுபாடு இல்லை.

பேராலயத்தைவிட்டு மதில் ஓரமாய் வந்து வடக்கே பாருங்கள். அருகே மோஸ்தா ஊரின் பெரிய வட்டக் கூரை தெரியும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி ஏறக்குறைய 300 பேர் கூடியிருக்கையில் அதைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்கவில்லை. அதற்கும் அப்பால் பவுலின் பெயரைத் தாங்கிய விரிகுடா. அதன் கரையில் ஒரு சிறு ஆலயம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் இடிந்து, மறுபடியும் கட்டப்பட்டது. மால்ட்டா மொழியில் அதன் பெயருக்கு ‘நெருப்பு மூட்டிய இடத்துப் பவுல்’ என்று பொருள். ரபாத்திலிருந்து நடந்துபோகக் கூடாத தூரம், பேருந்தில் போகலாம். நேரமிருந்தால் அங்கேயும் போய்வாருங்கள்.