பில் இல்லாத சரக்கு

நெல்லியாளத்தில் திரும்பின பக்கமெல்லாம் தேயிலை. பக்கத்தில் தேவாலாவில் பழைய சுரங்கக் குழிகள். 1880 வாக்கில் தங்கம் என்று சொல்லி லண்டனில் ஷேர் விற்றுத் தோண்டினார்கள். கம்பெனிகள் திவால்!

"நம்ம மலைக்கு இன்னொரு சுரங்கமும் வர இருந்துச்சு சார்" என்றார் டீக்கடைக்காரர். வாஸ்தவம். மசினகுடி பக்கம் சிங்காராவில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம். யானை நடமாடும் இடம் என்று 2009-ல் மத்திய அரசு மறுத்துவிட்டது.

இயற்பியல்காரர்களுக்கு ஏன் சுரங்க ஆசை? பிரபஞ்சப் பொருளில் சுமார் 85 சதவிகிதம் கண்ணில் படாத 'இருண்ட பொருள்'. பி.காம். பாஷையில், எடை இருக்கிறது, பில் இல்லை! சோடியம் அயோடைடு படிகத்தில் அது மோதினால் மினுக்கென்று ஒளி வரும் என்று காத்திருக்கிறார்கள். காஸ்மிக் கதிர் குழப்பாமலிருக்கத் தலைக்கு மேல் மலை வேண்டும். படிகத்தில் துளி பொட்டாசியம் கலந்தாலும் பொய் வெளிச்சம்.

இத்தாலியில் 1,400 மீட்டர் பாறைக்கடியில் 'டாமா' குழு, "அகப்பட்டது" என்கிறது. தென்கொரியாவிலும் ஸ்பெயினிலும் அதே படிகத்தை வைத்துப் பார்த்தவர்கள், "எங்களுக்கு அகப்படலையே!" என்கிறார்கள். நம்மவர்கள் 2017-ல் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில் கடை திறந்தார்கள்.

இரவு திரும்பும்போது பஸ் நின்றது. டிரைவர் லைட்டை அணைத்தார். எதுவும் தெரியவில்லை, மூங்கில் முறியும் சத்தம் மட்டும்.

"யானை சார். அது வழி, அது போகட்டும்."

பார்க்காமலே நம்பினேன்.