மெனு கேட்டால் முழுச் சாப்பாடு

2016 ஆம் ஆண்டு பாரிசில் இருக்கும் தங்கையிடம் போயிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் கார் து நோர் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள சிறிய உணவகமொன்றுக்குக் கூட்டிப் போனாள். தொலைபேசி அழைப்பு வந்து அவள் வெளியே போன நேரம் பரிமாறுபவர் வந்தார். விலைப்பட்டியலைப் பார்ப்போம் என்று "மெனு" என்றேன். அவர் ஏதோ கேட்டார், தலையாட்டினேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் அவித்த முட்டை வந்தது. பின்னால் கோழியும் உருளைக்கிழங்கும் வந்தபோதுதான் தங்கை திரும்பினாள்.

"ஐயோ அக்கா, என்ன சொன்னனீங்கள்? இஞ்சை மெனு எண்டால் முழுச் சாப்பாடு. பட்டியல் வேணுமெண்டால் கார்ட் எண்டு கேக்கவேணும்."

18 யூரோ. விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கும் அவளுக்கு அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அவள் சிரித்தாள். எனக்குக் கடைசியாக வந்த புடிங் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிரவே அவளிடம் சொற்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதினேன். ஆங்கிலத்தில் மெனு என்றால் பட்டியல். பிரெஞ்சுக்காரருக்கோ அது ஒரே விலைக்கு வரும் முழு உணவு. அதையே ஆங்கிலம் பேசுவோர் "தாபிள் தோத்" என்பார்கள். விருந்தளிப்பவரின் மேசை என்று பொருள். அந்தக் காலத்தில் சத்திரத்துக்காரர் குறித்த நேரத்துக்கு, குறித்த விலைக்கு, ஒரே நீண்ட மேசையில் எல்லோருக்கும் உணவு வைப்பார். சட்டிக்குக் கிட்ட இருந்தவருக்கு நல்ல துண்டு! 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் ரெஸ்டோரன்ட்கள் வந்த பிறகுதான் தனி மேசையில் இருந்து, பட்டியலைப் பார்த்து விரும்பியதைக் கேட்கும் வழக்கம் பரவியது. அது "ஆ லா கார்ட்". ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அமெரிக்கர் அதிகம் எழுதும் "பிரி பிக்ஸ்" என்பது நிலையான விலை. (ரெஸ்டோரன்ட் என்ற சொல்லே முதலில் உடம்பு தேற்றும் சூப்பைக் குறித்ததாம். எங்கள் பத்தியக் கஞ்சி மாதிரி.)

எண்ணிய காசோடு போகிறவர்களுக்கு உதவும் சங்கதி வேறு. பிரான்சில் விலைகளை வாசலுக்கு வெளியே எழுதி வைக்கவேண்டும் என்பது சட்டம். பரிமாறும் கூலியும் அந்த விலைக்குள் அடக்கம். சாப்பாட்டோடு பாணுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசில்லை. ஆனால் தண்ணீரைக் "கராப் தோ" என்று கேட்கவேண்டும். வெறுமனே தண்ணீர் என்றால் போத்தல் வந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து அதே வீதியில் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தேன். "பிளா து ஜூர்", அன்றைய உணவு, 11 யூரோ என்றிருந்த இடத்துக்குத் தங்கையைக் கூட்டிப் போனேன். இரண்டு பிளாவும் ஒரு கராப் தோவும் நானே சொன்னேன். அன்றைக்குக் காசும் என்னுடையது.