காதல் கதை எழுதுகிறவளுக்குக் கணக்கும் தெரியவேண்டும்

காதல் நாவல் எழுதுகிறேன் என்று வெளியே சொல்லக் கூச்சப்படும் பெண்கள் எனக்குத் தெரிந்தே நவி மும்பை சான்பாடாவில் சிலர் இருக்கிறார்கள். ஒருத்தி எங்கள் சொசைட்டியிலேயே இருக்கிறாள். ஐரோலியில் கம்பெனி வேலை. போகும்போதும் வரும்போதும் லேடீஸ் டப்பாவில் உட்கார்ந்து போனிலேயே தட்டுவாள். துர்பே, கோபர்கைர்ணே, கண்சோலி, ரபாலே என்று ஸ்டேஷன்கள் கடக்கக் கடக்க அவள் கதாநாயகனுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போகும். ராத்திரிக்குள் இணையத்தில் ஒரு எபி, அதாவது ஒரு அத்தியாயம், போடாவிட்டால் "யூடி எங்கே சிஸ்?" என்று, அப்டேட் எங்கே என்று, வாசகிகள் வரிசையாகக் கேட்பார்கள். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் ஆபீஸ் மெயில் என்று சொல்லிவிடுவாள். "ஆச்சி, யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருப்பதால் பெயரைச் சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்ல இருப்பதை அவளைப் போன்ற எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சொல்கிறேன்.

நான் ஒரு வரி கதை எழுதியவள் இல்லை. மாட்டுங்காவில் வளர்ந்து, கோட்டைப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து, இப்போது பென்ஷன் வாங்குகிறேன். ஆனால் வாசகி. எங்கள் அம்மா வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, ஊரிலிருந்து வரும் உறவுக்காரப் பெண்களுக்கு இரவல் கொடுப்பாள். திரும்பி வராத புத்தகங்களின் பட்டியல் சாகும்வரை அவள் மனத்தில் இருந்தது. அந்தப் பைண்டுகளில் பாதிக்கு மேல் லக்ஷ்மி எழுதியவை.

லக்ஷ்மியின் கதையைத் தெரிந்துகொள், தாயி. சொந்தப் பெயர் திரிபுரசுந்தரி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது உலகப் போர்க் காலத்து நெருக்கடி. வீட்டிலிருந்து பணம் வருவது தடுமாறியது. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குப் பதில் ஆனந்த விகடன் அதிபர் வாசனைப் போய்ப் பார்த்தார். கதை எழுதித் தருகிறேன், அந்தப் பணத்தில் படித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். கதைகள் வந்தன, சம்பளம் கட்டப்பட்டது, டாக்டரும் ஆனார். பிறகு தென்னாப்பிரிக்காவில் வாழ்க்கைப்பட்டுப் போய், 1977-இல் திரும்பி வந்து, 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்து 1963-இல் வந்த 'இருவர் உள்ளம்' பார்த்திருப்பாய். அது அவருடைய 'பெண் மனம்' நாவல்தான். படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களில் பலருக்கு அதை எழுதியது ஒரு டாக்டரம்மா என்று தெரியாது. கல்லூரிச் சம்பளத்துக்காக எழுதத் தொடங்கினேன் என்று சொல்வதில் அவருக்கு வெட்கமே இருந்ததில்லை. சொல்லிக்கொள்ளும்படியான வேலை என்று அவர் நினைத்தார். உனக்கு மட்டும் ஏன் மெயில் பார்க்கிறேன் என்ற பொய்?

இன்னும் பின்னால் போனால் வை.மு. கோதைநாயகி. ஆறு வயது ஆவதற்குள் கல்யாணம், பள்ளிக்கூடம் கிடையாது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தான் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எழுத்துப் பழகினார். 1925-இல் நின்றுபோகும் நிலையில் இருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி நடத்தினார். மொத்தம் 115 நாவல்கள். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனபோது அங்கேயும் எழுதினார். எனக்கு அந்த 115-ஐ விடப் பெரிதாகப் படுவது பத்திரிகை. மாதம் பிறந்தால் இதழ் வந்தாக வேண்டும். காகிதம், அச்சு, சந்தா, தபால் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அதற்கு நடுவே அத்தியாயமும் எழுதியாக வேண்டும். மனசு சரியில்லை, இந்த மாதம் காதல் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

வெள்ளைக்காரர்கள் கதையும் இதேதான். அமெரிக்காவில் நோரா ராபர்ட்ஸ் என்ற அம்மாள் 1979-இல் பனிப்புயலில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டபோது ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். முதலில் அனுப்பிய கதைகள் திரும்பி வந்தன. 1981-இல் முதல் புத்தகம் வந்தது. இன்றைக்கு 200-ஐத் தாண்டிவிட்டது. தினமும் ஆபீஸ் போகிறவரைப் போல மணிக்கணக்காக மேசையில் உட்காருகிறவர். இங்கிலாந்தின் பார்பரா கார்ட்லண்ட் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டு வாயால் சொல்ல, செக்ரட்டரி எழுதிக்கொள்வார். ஒரே வருஷத்தில் 23 நாவல். ஆயுளில் 700-க்கும் மேல். அவ்வளவும் படிக்கத்தக்கவையா என்று கேட்காதே, எனக்கு நாலு போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்த மத்தியான நேரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சோபாவும் செக்ரட்டரியும் உனக்கும் எனக்கும் வாய்க்காது. சிட்கோ கட்டின ஒன் பிஹெச்கேயில் மாமியார் சீரியல் பார்க்க, பிள்ளை டியூஷன் பாடம் ஒப்பிக்க, குக்கர் கத்த, தனி அறைக்கு எங்கே போவது? அறை கிடைக்காது. நேரம் கிடைக்கும், அதையும் கேட்டுத்தான் வாங்கவேண்டும். "ஏழிலிருந்து எட்டுவரை எனக்கு வேலை இருக்கிறது" என்று வீட்டில் சொல். வேலை என்ற சொல்லையே சொல். பொழுதுபோக்கு என்று சொன்னாயோ, அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லோருக்கும் டீ வேண்டும்.

எழுதும் பொருளுக்கு வருகிறேன். உன் கதாநாயகன் ஏன் எப்போதும் கோடீஸ்வரனாகவே இருக்கிறான்? ஊட்டியில் பங்களா, ஐந்து கார், முகத்தில் சிரிப்பே கிடையாது. ரமணிசந்திரனும் பணக்கார நாயகனை எழுதினார் என்பாய். எழுதினார்தான். 150-க்கும் மேற்பட்ட நாவல்கள். தமிழில் காதல் கதை என்றாலே முதலில் வரும் பெயர். 2008-இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ராஜேஷ்குமார், சுபா எல்லோரோடும் அவரும் இடம்பெற்றார். நானும் ஒரு காலத்தில் கைப்பையில் அவர் நாவல் இல்லாமல் ரயில் ஏறியதில்லை. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். அது தெரிந்துதான் படித்தோம். அன்றைக்கு மேலதிகாரி திட்டியிருப்பார், மழையில் வண்டி நின்றிருக்கும். கதையாவது நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்தவர்களுக்கு அவர் கொடுத்த வாக்கு அது, கடைசிவரை தவறவில்லை. சுப முடிவைக் குறைவாக நினைக்காதே.

ஆனால் அவரிடமிருந்து பங்களாவை எடுத்துக்கொள்ளாதே. உன் ஜன்னலுக்கு வெளியே பார். மும்பையில் காதலுக்கு முதல் எதிரி சதுர அடிதான். புதிதாகக் கல்யாணமானவர்கள் சண்டை போடக்கூட பாம்பீச் ரோடு வரை நடக்கவேண்டியிருக்கிறது. சமாதானம் ஆவதற்குள் மாமனார் போன் செய்துவிடுவார். துர்பே ஏபிஎம்சி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவன் நடுராத்திரிக்குப் பிறகு எழுந்து போகிறான். அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ் என்று வைத்துக்கொள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு? அந்த நேரத்தில் என்ன பேசுவார்கள்? பாலுக்குக் காசு வைத்தாயா என்றா, இல்லை வேறு ஏதாவதா? இதை நீ எழுதினால் நான் உறக்கத்தை விட்டுப் படிப்பேன். வாடகை எவ்வளவு, யார் கட்டுகிறார்கள், டெபாசிட் யார் நகையை வைத்து வந்தது என்பது தெரியாமல் இந்த ஊரில் ஒரு காதல் கதையும் நடக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஆன்ட்டி ஹீரோ என்று ஒன்று இப்போது ஓடுகிறதே, கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறான், கன்னத்தில் அறைகிறான், முப்பதாவது எபியில் அவளுக்கு அவன்மேல் காதல் வந்துவிடுகிறது. வாசகிகள் கேட்கிறார்கள் என்கிறாய். கேட்பார்கள். நீ ஏன் கொடுக்கவேண்டும்? இதே மும்பையில் இருந்துகொண்டு அம்பை எழுதுகிறார். 1984-இல் வந்த அவருடைய ஆய்வு நூல் தமிழில் எழுதிய பெண்கள் பெண்ணை எப்படிக் காட்டினார்கள் என்று துருவிப் பார்த்தது. அந்தக் கேள்விகள் குடும்பக் கதைக்காரர்களுக்கு இனிப்பாக இருந்திருக்காது. 1988-இல் பெண்களின் வாழ்க்கையையும் படைப்பையும் சேர்த்துவைக்க 'ஸ்பாரோ' என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவரும் அவர். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைக் கட்டாயம் படி. படித்த பிறகும் காதல் கதையே எழுது, தப்பில்லை. அறைகிறவனை மட்டும் நாயகன் ஆக்க உன் கை வராது.

தினமும் கருத்து சொல்லும் வாசகிகள் நல்லவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் நீ பாதியில் விட்டிருப்பாய். ஆனால் பன்னிரண்டாவது எபியில் உன் நாயகி திடீரென்று வேலையை விட்டது ஏன் என்று யோசித்தேன். கதைக்குள் காரணம் இல்லை. யாரோ கேட்டிருக்கிறார்கள், நீ விட்டுக்கொடுத்திருக்கிறாய். பத்து எபி கையில் எழுதி வைத்துக்கொண்டு முதல் எபியைப் போடு. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும், கதை எங்கே போகிறது என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

இனி பணம். இதைப் பேச நம் வீட்டுப் பெண்கள் இன்னும் தயங்குகிறோம். மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கதையை மொத்தமாகக் கொடுத்துவிட்டவர்கள் உண்டு. இன்றைக்கு நீயே மின்னூலாகப் போடலாம். அமேசான் கிண்டிலில் தமிழுக்கு இடம் கிடைத்தது 2016-இல். பதிப்பாளர் யாராவது புத்தகமாகப் போடுகிறேன் என்று வந்தால் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக்கொடுக்க முடியும். காகிதத்தில் காலம் எழுதவில்லை என்றால் 5 வருஷம்தான் செல்லும். இடம் எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். "எக்காலத்துக்கும்" என்று ஒரு சொல் உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார், இருந்தால் அடிக்கச் சொல். உன் எழுத்தின் உரிமை நீ போன பிறகும் 60 வருஷம் உயிரோடு இருக்கும். உன் பேத்தி சாப்பிடவேண்டிய சோறு அது.

இந்த வாரமே பேங்குக்குப் போ. எழுத்தில் வரும் பணத்துக்கென்று உன் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கு, நூறு ரூபாய் வந்தாலும் அதில் போடு. பாஸ்புக்கை மாமியார் கண்ணில் படும்படி வை.