ஓட்டைக் குடமும் ஓவர்க்ளாக்கிங்கும்

பொட்டியை ஓவர்க்ளாக் பண்றேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல ப்ராசசரைத்தான் நினைப்பாங்க. தப்பில்லை. 1998-இல் இன்டெல் விட்ட செலரான் 300ஏ தானே இந்த விளையாட்டுக்கே குலதெய்வம். மதர்போர்டுல 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100-ஆ மாத்தி விட்டா, 300-ல ஓட வேண்டியது 450-ல ஓடும். 4.5-ஆல பெருக்குற கணக்கு, அவ்வளவுதான். நான் அப்போ தொட்டில்ல கிடந்தேன், அதனால அந்த சுகம் எனக்குக் கிடைக்கலை :-)

நான் இங்க பேச வந்தது மெமரி மேட்டர். ப்ராசசரை ரொம்ப விரட்டினா அது ஊரைக் கூட்டும். நீலத் திரை வரும், பொட்டி தானா ரீஸ்டார்ட் ஆகும். மெமரி அப்படியில்லை. அமைதியா பொய் சொல்லும். ஒரே ஒரு பிட்டை 0-வை 1-ஆ மாத்திட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

முதல்ல அடிப்படை. என் பொட்டியில இருக்கிறது 2019-இல் வந்த ரைசன் 5 3600, ஒரு நடுத்தர மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் ரெண்டு. டப்பாவுல 3200-னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். நிஜத்துல கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை தரவு போறதால 3200. அந்த 3200-ம் தானா வராது. முதல் தடவை ஆன் பண்ணினப்போ 2133-லதான் ஓடுச்சு. பயாஸ் உள்ள போய் எக்ஸ்எம்பி-ங்கிற ஒரு வரியை ஆன் பண்ணணும். 2007-இல் டிடிஆர்3 காலத்துல இன்டெல் கொண்டு வந்த ஏற்பாடு அது. ஆன் பண்ணினதும் வோல்டேஜ் 1.2-லேர்ந்து 1.35-க்குப் போகும், ரெண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வினாடிக்கு 34 ஜிபி கொடுத்தது 51 ஜிபி ஆகும். காகிதக் கணக்குதான், ஆனா கேம்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சது. நம்ம ஜனங்கள்ல எத்தனையோ பேர் 3200-க்குக் காசு கொடுத்துட்டு வருஷக்கணக்கா 2133-ல ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

நிறுத்தினா நாம இன்ஜினியரா என்ன? அடுத்து 3600. சும்மா ஆசைக்கு இல்லை. இந்த ரைசன் தலைமுறையில ப்ராசசரோட உள் ரோடும் மெமரி கடிகாரமும் ஒரே வேகத்துல போனாத்தான் தாமதம் குறையும். பெரும்பாலான சில்லுங்க 1800 வரைக்கும் அப்படிச் சேர்ந்து ஓடும். 1800-ஐ ரெண்டால பெருக்கினா 3600.

இங்கதான் மதர்போர்டோட குணம் தெரியும். ஸ்டிக்கை ப்ராசசர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல மாட்டணும். நாலு ஸ்லாட்டுலயும் நிரப்பினா வேகம் ஏற மறுக்கும். ஒவ்வொரு தடவை எண்ணை மாத்தும்போதும் போர்டு தானே சிக்னலைச் சோதிச்சுப் பார்க்கும். அதுவரைக்கும் திரை கருப்பா இருக்கும், ஃபேன் சுத்தும், நிக்கும், திரும்பச் சுத்தும். பயந்துடக் கூடாது. ரொம்ப நேரம் வரலைன்னா பவர் கார்டைப் பிடுங்கிட்டு, அந்த ரெண்டு ரூபா காசு மாதிரி இருக்கிற பேட்டரியைக் கழட்டி மாட்டணும். பழைய நிலைக்கு வந்துடும்.

அஞ்சாறு ராத்திரி உட்கார்ந்து 3600-ஐ சிஎல் 16-ல நிக்க வெச்சேன். டிஆர்எஃப்சி-னு ஒரு எண்ணையும் 630-லேர்ந்து 480-க்குக் குறைச்சேன். டிசம்பர் மாசம், சென்னையில ஸ்வெட்டர் போடாத குறை. மெம்டெஸ்ட்86+ நாலு சுத்து ஓடி, ஒரு பிழை இல்லைன்னு சொல்லிடுச்சு. இணையத்துல இருக்கிற எல்லா கைடும் இந்த இடத்துல வாழ்த்துச் சொல்லி முடிச்சிடுவாங்க.

எனக்கு முடியலை. காரணம் கேசட்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. நவராத்திரிக்கு நவராத்திரி அவங்க கொலு முன்னாடி பாடுறதை அப்பா டூ-இன்-ஒன்ல பதிவு பண்ணி வெச்சிருந்தார். மொத்தம் 14 கேசட். மே மாசம் லீவுக்கு வரும்போது எல்லாத்தையும் எடுத்துட்டு வரேன், கம்ப்யூட்டர்ல ஏத்திடுன்னு அக்கா சொல்லியிருந்தா. நாடா எல்லாம் இத்துப் போய்க் கிடக்கு. ஒவ்வொண்ணும் இன்னும் ஒரு தடவை ஓடினாலே பெருசு. அது ஓடுற அந்த நேரத்துல மெமரி பொய் சொன்னா? தப்பான பிட் அப்படியே டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க்கைப் பொறுத்தவரைக்கும் அதுதான் நிஜம். பேக்கப் மூணு எடுத்தா மூணுலயும் அதே தப்பு. பாட்டு நடுவுல ஒரு 'டிக்'. அது நாடாவோடதா, பொட்டியோடதான்னு யாருக்கும் தெரியாது.

மெமரியில ஒவ்வொரு பிட்டும் ஒரு ஓட்டைக் குடம். மின்சாரம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால 64 மில்லி வினாடிக்கு ஒரு தடவை எல்லாக் குடத்தையும் திரும்ப நிரப்பணும். ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு நேரம் கொடுக்கலாம்கிறதுதான் டிஆர்எஃப்சி. 1800 மெகாஹெர்ட்ஸ்ல 630 சுத்துன்னா 350 நானோ வினாடி, இந்த வகைச் சில்லுக்கான தர அளவு. நான் வெச்ச 480, சுமார் 267 தான். அவசரமா ஊத்தினா குடம் அரைகுறையாத்தான் நிரம்பும். இன்னொரு விஷயம், சூடு ஏற ஏற ஓட்டை பெருசாகும். சில்லு 85 டிகிரியைத் தாண்டினா ரெண்டு மடங்கு அடிக்கடி நிரப்பணும்னு தர விதியே சொல்லுது. குளிர் நாட்டுல உட்கார்ந்து எழுதின கைடுல நம்ம அக்னி நட்சத்திரம் எப்படி இருக்கும்?

அக்கா வர்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஹால்ல, ஏசி இல்லாம, அதே செட்டிங்ல அதே டெஸ்ட். ரூம் 36 டிகிரி. மூணாவது சுத்துல ஒரே ஒரு சிவப்பு வரி. ஒரு பிட். அன்னைக்கு ராத்திரி பெட்ரூம் ஏசிக்குத் தூக்கிட்டுப் போய் ஓட்டினா சுத்தமா பாஸ்! அதாவது டிசம்பர்ல வாங்கின சர்டிஃபிகேட் டிசம்பருக்கு மட்டும்தான்.

டிஆர்எஃப்சியைத் திரும்ப 630-ஆக்கினா 3600-லயே நின்னிருக்கலாம். ஆனா 3200-லேர்ந்து 3600 போனதை ஃப்ரேம் எண்ணிக்கையை உத்துப் பார்த்தாத்தான் கண்டுபிடிக்க முடிஞ்சது. அந்த நாலு ஃப்ரேமுக்காக அம்மா குரலை அடகு வைக்கணுமா? எக்ஸ்எம்பி 3200-க்கே இறங்கி வந்தேன். அதையும் மத்தியான வெயில்லயே எட்டு மணி நேரம் ஓட்டி, சுத்தம்னு தெரிஞ்சப்புறம்தான் முதல் கேசட்டைப் போட்டோம்.

சர்வர்ல இருக்கிற ஈசிசி மெமரி ஒரு பிட் தப்பைத் தானே திருத்திடும். டிடிஆர்5-ல சில்லுக்குள்ளயே அப்படி ஒண்ணு இருக்கு, ஆனா சில்லுலேர்ந்து ப்ராசசர் வரைக்கும் போற வழியில நடக்கிற தப்பை அது பார்த்துக்காது. அதனால டிடிஆர்5 ஆசாமிகளும் டெஸ்ட் பண்ணுங்க. உங்க வீட்டுலயே சூடான மாசத்துல, சூடான நேரத்துல.

13 கேசட் நல்லபடியா ஏறிடுச்சு. ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் எடுத்து வெச்சாச்சு, இனிமே ஒரு பிட் மாறினாலும் காட்டிக் கொடுத்துடும். பதினாலாவதுல அப்பா ரெக்கார்டை நிறுத்த மறந்திருக்கார். பாட்டு முடிஞ்சு இருபது நிமிஷம் குக்கர் விசில், பாத்திரச் சத்தம், "சுண்டல் எடுத்துக்கோங்க"ன்னு அம்மா யாரையோ உபசரிக்கிறது. அதையும் வெட்டாம வெச்சிருக்கோம்.

டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போய் உங்க பொட்டி என்ன வேகத்துல ஓடுதுன்னு பாருங்க மக்களே. 2133-னு காட்டினா சொல்லுங்க, சேர்ந்து அழுவோம் :-)